ராடாரில் விழுந்த கோடும் அடியில் போன அலையும்

டேங்கரில் தேர்ட் ஆபீசராக இருந்தபோது நடந்தது. ஜிப்ரால்டர் நீரிணை வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தோம். ராத்திரி எட்டு-பன்னிரண்டு வாட்ச் என்னுடையது. காற்றே இல்லை. மேல் நீரோட்டம் கிழக்கே தள்ளுவதால் தண்ணீரில் கப்பல் போகும் வேகத்தை அளக்கும் லாக் பன்னிரண்டு நாட் (மணிக்குக் கடல் மைல்) காட்டினால் தரையை வைத்து அளக்கும் ஜிபிஎஸ் பதினான்கைத் தாண்டிக் காட்டியது.

ஸ்பெயின் கரையிலுள்ள டாரிஃபா முனை பின்னால் போன கொஞ்ச நேரத்தில் ராடாரில் ஒரு கோடு, வில் போல வளைந்து. அதற்கப்பால் இன்னும் இரண்டு, கடைசியில் இருந்ததுதான் தடிமன். மழை என்று நினைத்து, மழையின் எதிரொலியை அடக்கும் ரெயின் க்ளட்டர் குமிழைத் திருகினேன், போகவில்லை. மீன் வலையோ என்று வயிற்றைக் கலக்கியது. கேப்டனைக் கூப்பிட்டேன். தூத்துக்குடிக்காரர். வந்து பார்த்துவிட்டு, "ஸீ க்ளட்டரைக் கூட்டு தம்பி" என்றார். கடல் அலையின் எதிரொலியை அடக்கும் குமிழ் அது. கூட்டியதும் கோடு மங்கியது. "பாத்தியா, தண்ணிதான். அலை அடியில போவுது."

கப்பல் ஓட்டும் அறைக்குப் பக்கவாட்டில் நீண்டிருக்கும் பிரிட்ஜ் விங்கில் போய் நின்றேன். மடை திறந்த மாதிரி சலசலவென்று ஒரு சத்தம் நெருங்கி வந்து, கப்பலைக் கடந்து பின்னால் போய்விட்டது. கப்பல் ஆடவே இல்லை. அப்புறம் பழையபடி எண்ணெய் ஊற்றியது போல அமைதி.

மத்தியதரைக் கடலில் ஆறும் மழையும் கொண்டுவருவதைவிட ஆவியாகிப் போகும் தண்ணீர் அதிகம். அதனால் உப்பு ஏறிக் கனத்த நீர் அடியில் அட்லாண்டிக் பக்கம் வெளியேற, உப்புக் குறைந்த அட்லாண்டிக் நீர் மேலே உள்ளே வருகிறது. நீரிணைக்கு நடுவே காமரினல் என்றொரு மேடு, அதன்மேல் ஆழம் சுமார் 300 மீட்டர்தான். வற்றும் பெருக்கும் இந்த இரண்டு அடுக்கையும் அந்த மேட்டின்மேல் முன்னும் பின்னும் இழுக்க, அடுக்குகளின் எல்லை புடைத்து எழுகிறது. இழுப்பு தளரும்போது அந்தப் புடைப்பு கிழக்கே ஓடுகிறது. உள்ளே அதன் உயரம் 100 மீட்டரைத் தொடலாம். மேலே நமக்குத் தெரிவது சலசலப்புப் பட்டை மட்டும்தான்.

வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பதில் 1

நான் பார்த்தது பகலில். கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே மலாக்கா நோக்கிப் போகும்போது. தட்டையான கடலில் அடிவானம் முதல் அடிவானம் வரை வெள்ளை நுரைப்பட்டை, கோடு கிழித்த மாதிரி. அதற்குள் நுழைந்ததும் ஆட்டோ பைலட் இரண்டு டிகிரி திணறிவிட்டு நேரானது. மாலுமிகளின் மேஸ்திரியான போசன் கூலாக, "இங்க இது வழக்கம் சார்" என்றார். 1980இல் ஆஸ்போர்னும் பர்ச்சும் சயன்ஸ் இதழில் எழுதியது இந்த அந்தமான் கடல் அலைகளைப் பற்றித்தான். எண்ணெய்க்குத் துளை போடுகிறவர்களுக்கு இது விளையாட்டில்லை. மேலே ஒரு பக்கம், கீழே எதிர்ப் பக்கம் என்று நீர் இழுத்தால் தொங்கும் குழாய் என்ன பாடுபடும், யோசித்துப் பாருங்கள்.

பதில் 2

அண்ணா, எனக்கு அலை கிடைக்கவில்லை, அந்த இரண்டு அடுக்கு கையில் கிடைத்தது. இஸ்தான்புல்லில் லீவு நாளில் கருங்கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும் பாஸ்பரஸ் நீரிணையின் தெற்கு முனையில் ஒரு பெரியவரின் படகில் தூண்டில் போட்டேன். நரம்பு முதலில் மர்மரா பக்கம் இழுத்தது. பத்துப் பன்னிரண்டு பாகம் (பாகம் என்றால் சுமார் ஆறடி) இறங்கியதும் தளர்ந்து, பிறகு கருங்கடல் பக்கம் இழுக்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் மேல் நீவாடு, அடி நீவாடு (நீரோட்டம்) என்று அப்பா சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. மார்சிலி என்ற இத்தாலியர் 1680 வாக்கில் இங்கேதான் கயிற்றில் வெள்ளைத் தக்கை கட்டி இறக்கி இதை அளந்தாராம். அவருக்கும் முதலில் சொன்னது மீனவர்கள்தான்.

எனக்கு மீன் மாட்டவில்லை. ஈயக்குண்டும் அறுந்து போனது. பெரியவர் காசு வாங்கிக்கொண்டார்.