பாலத்துல ஏறுன்னு சொல்றதா, வண்டியை நிறுத்துன்னு சொல்றதா?

மீனா_தென்சென்னை:
அம்மாவுக்கு 71 வயசு. ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கு. எங்க வீட்டுக்கு எதிர்ல ஆறு லேன் ரோடு, அதைத் தாண்டினாத்தான் மார்க்கெட். நடைமேம்பாலம் இருக்கு, ஆனா லிப்ட் ரெண்டு மாசமா பூட்டியே கிடக்கு. அதனால டிவைடர்ல இருக்கற இடைவெளி வழியாத்தான் போவோம்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பஸ் எங்களுக்காக நின்னுச்சு. அதைத் தாண்டி ஓரடி வெச்சோம், பஸ்ஸுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பைக் சர்ருனு வந்து அம்மாவோட வயர்கூடையை இழுத்துட்டுப் போச்சு. தக்காளியெல்லாம் உருண்டு பஸ் டயருக்கடியில. அம்மா கை என் கைக்குள்ள நடுங்கினது இன்னும் மனசைவிட்டுப் போகல. அந்தப் பையன் திரும்பிப் பார்த்துச் சொன்னது: "பாலம் இருக்குல்ல, அதுல போக வேண்டியதுதானே?"

அவன் சொன்னது நியாயமா?

ஸ்டியரிங்_26:
அவன் ஓட்டினது தப்பு, சொன்னது தப்பில்லம்மா. 26 வருஷம் இந்த ஊர்ல பஸ் ஓட்டினவன் சொல்றேன். 40 கிலோமீட்டர் வேகத்துல வண்டி விநாடிக்கு 11 மீட்டர் போகும். கண்ணு பார்த்து கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே அந்த 11 மீட்டர் போயிடும். ஆள் ஏறின பஸ் பத்து டன்னைத் தாண்டும், நினைச்ச இடத்துல நிக்காது. ராத்திரில கறுப்புச் சேலை கட்டிக்கிட்டு டிவைடர் செடிக்குப் பின்னாலேர்ந்து இறங்கினா, கிட்ட வர்ற வரைக்கும் தெரியவே தெரியாது.

இன்னொண்ணு. பஸ்ஸைவிட்டு இறங்கினதும் அதே பஸ்ஸுக்கு முன்னால குறுக்க ஓடாதீங்க. கண்ணாடிக்குக் கீழ வண்டியை ஒட்டி நிக்கற சின்னப் பிள்ளை டிரைவருக்குத் தெரியாது. பஸ் கிளம்பிப் போகட்டும், அப்புறம் ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத் தாண்டுங்க.

நடைவாசி:
ஐயா, உங்க அனுபவத்துக்கு மரியாதை. ஆனா இதை ஏத்துக்க முடியல. பாலத்துக்கடியில லாரி போகணும்னா 5.5 மீட்டர் இடைவெளி வேணும். படிக்கு 15 சென்டிமீட்டர்னு வெச்சாலும் ஏறத்தாழ 40 படி ஏறி, 40 படி இறங்கணும், 22 மீட்டர் ரோட்டைத் தாண்ட! இது நடக்கறவங்களுக்காகக் கட்டினதில்ல, வண்டி நிக்காம போறதுக்காகக் கட்டினது.

மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் ஸ்டாண்டையும் சேர்க்கற ஆகாய நடைபாதையை 2023ல திறந்தாங்க. 570 மீட்டர் நீளம். ரயில்வே பாலத்துலேர்ந்து அந்த உயரத்துலயே நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடலாம், எஸ்கலேட்டர், லிப்டும் உண்டு. ரங்கநாதன் தெருக் கூட்டத்துல மாட்டாம போறதுக்கு அது சரி. சாதாரண ரோட்டுக்கு அது பதிலாகாது.

2017ல வந்த வாகனம் ஓட்டும் விதிமுறைப்படி, ஜீப்ரா கோட்டுல கால் வெச்சவருக்கு வண்டி நின்னு வழிவிடணும். 2022ல மட்டும் நாடு முழுக்க ரோட்டுல நடந்துபோனவங்க 32,825 பேர் செத்திருக்காங்க. அத்தனை பேரும் கவனமில்லாம நடந்தவங்களா?

ஸ்டியரிங்_26:
சட்டம் சரிதான் தம்பி. கோடு எங்க இருக்கு? பாதி இடத்துல அழிஞ்சு போச்சு. கோடு இருந்தாலும் அதுமேலதான் பைக்கெல்லாம் நிக்குது. சட்டத்தை நம்பி அந்தம்மா காலை வெச்சு, எலும்பு உடைஞ்சா யார் பதில் சொல்றது?

ரெண்டுசக்கரம்:
அக்கா, நான் டெலிவரி பையன். அன்னிக்கு வந்தது நானில்ல, ஆனா நானா இருந்திருக்கலாம். பஸ் நின்னா ஆள் ஏத்தறாங்கன்னுதான் நினைப்போம், சைடுல ஏறிடுவோம். முன்னால யாரோ தாண்டறாங்கன்னு எங்க இடத்துலேர்ந்து தெரியாது. ஒரு பாட்டியைக் கிட்டத்தட்ட இடிச்சப்புறம், நின்ன பஸ்ஸைத் தாண்டும்போது நான் ஸ்லோ பண்றேன். எல்லாரும் பண்ணமாட்டாங்க. அதனால பஸ்ஸோட ஓரத்துல ஒரு நொடி நின்னு, அடுத்த லேனை எட்டிப் பார்த்துட்டு அடியெடுத்து வைங்க. ஒன்வேன்னு நம்பி ஒரு பக்கம் மட்டும் பாக்காதீங்க, ராங் சைடுல வர்றவன் நிறைய.

மீனா_தென்சென்னை:
தம்பி, இதை இவ்வளவு நேர்மையா சொன்னதுக்கு நன்றி. ஐயா, ஒண்ணு கேக்கறேன். கால் நல்லா இருக்கறவங்களுக்கு நீங்க சொல்றது சரி. எங்கம்மா என்ன பண்ணணும்? வீட்டோடயே இருந்துடணுமா?

ஸ்டியரிங்_26:
அப்படிச் சொல்லலம்மா. இறங்கித்தான் தாண்டணும்னா சிக்னலுக்குப் போங்க, தூரமானாலும் பரவாயில்ல. சிவப்பு விழுந்தா நான் நிப்பேன். நீங்க கை காட்டினா நிப்பேன்னு மட்டும் நம்பாதீங்க. அங்கேயும் ஃப்ரீ லெப்ட்ல திரும்பற வண்டியைப் பாருங்க, உங்களுக்குப் பச்சை விழுந்தாலும் அது நிக்காது.

நடைவாசி:
அப்போ ஐயாவும் தரைக்கு வந்துட்டார்! நான் கேக்கறதும் அதேதான்: டிவைடர் இடைவெளி இருக்கற இடத்துலயே பட்டன் வெச்ச சிக்னல். ஆனா நேரமும் போதணும். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பாங்கன்னு கணக்குப் போட்டா 22 மீட்டருக்கு 18 விநாடி. முட்டி வலிக்கற அம்மாவுக்கு அதுல பாதி ரோடுதான் ஆகும். நடுவுல படி ஏறாம நின்னு மூச்சு வாங்க ஒரு திட்டும் வேணும்.

மீனா_தென்சென்னை:
இங்கேர்ந்து 400 மீட்டர்ல ஒரு சிக்னல் இருக்கு. நாளைக்குக் காலையில அம்மாவோட போய், எத்தனை விநாடி தர்றாங்க, அம்மாவுக்கு எத்தனை ஆகுதுன்னு எண்ணப்போறேன். அந்தக் கணக்கோட கவுன்சிலர்கிட்ட மனு கொடுக்கறேன், லிப்ட் விஷயத்தையும் சேர்த்து.

ஸ்டியரிங்_26:
விடியக்காலையில போகாதீங்கம்மா, அப்போ நிறைய சிக்னல்ல மஞ்சள் மட்டும்தான் மினுக்கிட்டு இருக்கும். எட்டரைக்குப் போங்க. வண்டி நெருக்கும்போது எடுத்த கணக்குதான் மனுவுக்கு ஆகும்.