ஏப்ரல் 1 வரை எப்படித் தாங்குவது? பொண்ணோட இசைக் கல்லூரி முடிவுகள்

எடிசன் அம்மா:
வணக்கம். போன வருஷம்தான் நியூஜெர்சி வந்தோம். பொண்ணு பன்னிரண்டாவது. இசைக் கல்லூரி ஆடிஷன் எல்லாம் முடிஞ்சுது. நேத்து ஒரு கல்லூரி இல்லைன்னு சொல்லிட்டாங்க. கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கா. வாசல்ல வச்ச தயிர்சாதம் காஞ்சு போய் அப்படியே இருக்கு. மத்த முடிவெல்லாம் ஏப்ரல் 1க்குள்ள வருமாம். என்ன பண்றது, யாராவது சொல்லுங்க.

மிச்சிகன்வாசி:
மியூசிக் மட்டும் போதாதும்மா, கம்ப்யூட்டர் டிகிரியும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்க. நாங்க 2009ல வந்தப்ப வேலையே இல்லை. கார் கிடையாது. பனியில அரிசி மூட்டையைத் தோள்ல போட்டு நடந்தே வந்திருக்கேன். கஷ்டம் பழகணும்.

சான்ஹோசே அக்கா:
அந்தப் புள்ள அழுதுட்டிருக்கு, இப்பவா இதைச் சொல்றது? ஃபாஃப்சான்னு அரசாங்கப் பண உதவிக்கான ஃபார்ம் இருக்கு, அதைப் போடுங்க, பண உதவி வரும். கேம்பஸ்லயே வேலை பார்த்துப் படிக்கலாம்.

ஆஸ்டின்:
என்ன விசான்னே அவங்க சொல்லலையே. வேலை விசாவுல வந்தவங்க குடும்பத்துக்குத் தர்ற எச்4ன்னா ஃபெடரல் உதவியும் கிடையாது, கேம்பஸ் வேலையும் கிடையாது.

மிச்சிகன்வாசி:
வரி மட்டும் ஒழுங்கா வாங்கிக்குவாங்க.

சான்ஹோசே அக்கா:
அதைவிட ஊர்ல இருந்து வர்ற போன்! விடியக்காலையில எழுப்பி "சீட் கிடைச்சுதா"ன்னு கேப்பாங்க. என் பையனுக்கு அந்தக் கேள்விதான் ரொம்ப வலிச்சுது.

பாஸ்டன் வயலின் அம்மா:
எடிசன் அம்மா, என்ன வாத்தியம், என்ன விசா?

எடிசன் அம்மா:
வயலின். எச்4தான்.

பாஸ்டன் வயலின் அம்மா:
சரி. முதல்ல, வராத சீட்டை வச்சு அவ வாசிப்பை அளக்காதீங்க. கர்டிஸ்னு ஒரு சின்ன இசைக் கல்லூரி, அங்க யாருக்கும் ட்யூஷன் ஃபீஸ் கிடையாது. ஆனா அந்த வருஷம் எந்த வாத்தியத்துக்கு இடம் காலியோ அதுக்குத்தான் எடுப்பாங்க. இதை நீங்க சொல்றதைவிட அவ வயலின் டீச்சர் சொன்னா ஏறும், இன்னைக்கே பேசச் சொல்லுங்க. முடிவு வந்தா அவளே தனியா திறந்து பார்க்கட்டும், அப்புறமா உங்ககிட்ட சொல்லட்டும். சொந்தக்காரங்க போனை நீங்களே எடுங்க. ஸ்கூல் ஆர்கெஸ்ட்ரா ரிகர்சலுக்கு மட்டும் விடாம கூட்டிட்டுப் போங்க.

பண விஷயம்: ஒவ்வொரு கல்லூரியும் எச்4 பிள்ளைக்குத் தன் சொந்த நிதியில என்ன தரும்னு இப்பவே மெயில்ல கேளுங்க. ஆடிஷனை வச்சுக் குடுக்கிற ஸ்காலர்ஷிப்புக்குப் பல இடத்துல விசா தடையில்லை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தோட மேசன் க்ரோஸ் கலைக் கல்லூரி உங்க பக்கத்துலயே இருக்கு. அங்க அப்ளை பண்ணியிருந்தா அந்த மாநிலத்துக்காரங்களுக்கான குறைஞ்ச கட்டணம் உங்களுக்குப் பொருந்துமான்னும் கேளுங்க. 21 வயசானா எச்4 முடிஞ்சிரும், எஃப்1 மாணவர் விசாவுக்கு எப்ப மாத்தணும்னு வக்கீல்கிட்ட கேட்டு வையுங்க.

வெயிட்லிஸ்ட்ல, அதாவது காத்திருப்போர் பட்டியல்ல பேர் வந்தா அதை நம்பி மத்ததை விட்டுறாதீங்க. மே 1க்குள்ள கிடைச்ச ஒரு இடத்துல டெபாசிட் கட்டிட்டு, அப்புறம் காத்திருங்க. வெயிட்லிஸ்ட்ல வச்ச கல்லூரிக்கு எழுதுற லெட்டருக்கு நான் உதவி பண்றேன்.