அண்ணன் மகளை வச்சு ரீல்ஸ்ல மாம்பழம் விக்கலாமா? வீட்ல சண்டை, நீங்க சொல்லுங்க

தோப்புவீட்டுப் பொண்ணு:
எங்க தோப்பு போச்சம்பள்ளி பக்கம். பெங்களூரா மாங்காயை எப்பவும் போல மண்டிக்கும் கூழ் ஃபேக்டரிக்கும் போட்டுடறோம். செந்தூரா, அல்போன்சா, மல்கோவா மட்டும் இன்ஸ்டா, வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து சென்னைக்கும் பெங்களூருக்கும் பெட்டி அனுப்பறோம். பேஜை நடத்தறது நான். ஆர்டர் வர்றது அண்ணன் மகளால. நாலாவது படிக்கிறா. ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காம ஒரு பழத்தை எடுத்து மோந்து பாத்துட்டு, "கல்லு வைக்காத பழம் அங்கிள், சாப்பிட்டுப் பாருங்க"ன்னு சொல்வா. அவ இல்லாத ரீலை யாரும் சீண்டறதில்ல.

இப்ப ஸ்கூல்ல அவ பேரே "மாங்கா பாப்பா" ஆயிடுச்சு. போன வாரம் ஒரு ஆள் கமெண்ட்ல "பாப்பா எந்த ஸ்கூல், வேன் எத்தனை மணிக்கு வரும்?"னு கேட்டிருந்தான். அண்ணி எல்லாத்தையும் அழிக்கச் சொல்றாங்க. அண்ணன் சீசன் முடியட்டும்ங்கறார்.

காவேரிப்பட்டணம் மண்டி:
அந்த ஆளை பிளாக் பண்ணிட்டு வேலையைப் பாருங்கம்மா. 2025 சீசன்ல பெங்களூரா விலை எங்க போய் விழுந்ததுன்னு இந்த மாவட்டத்துக்கே தெரியும். நான் மண்டியில இருந்துக்கிட்டே சொல்றேன், எங்ககிட்ட வந்து கொட்டின காய்க்குப் பேர் கிடையாது. யார் தோப்பு, என்ன உரம், யாரும் கேக்க மாட்டான். ரீலைப் பாத்து வாங்கறவன் அந்தக் குடும்பத்தை நம்பி வாங்கறான். "யார் வூட்டுப் புள்ள நீ"ன்னு கேட்டுட்டு யாவாரம் பண்ற ஊர்தானே இது? போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தையில புள்ளைங்க கடையில உக்காந்து சில்லறை எண்ணிக் குடுக்கறதில்லையா?

அரூர் டீச்சர்:
சார், சந்தையில அந்தக் குழந்தையைப் பாக்கிறவங்களை அந்தக் குழந்தையும் பாக்குது. அப்பா பக்கத்துல இருக்கார். சாயங்காலம் கடையைக் கட்டினா முடிஞ்சது. ரீலை யார் பாத்தாங்க, யார் சேமிச்சு வச்சாங்கன்னு அப்பாவுக்கே தெரியாது.

தங்கச்சி, "பையைக்கூட இறக்காம"ன்னு எழுதியிருக்கீங்க. அப்ப யூனிபார்ம்ல நிக்கறா. டையில பள்ளிக்கூடத்துச் சின்னம் இருக்கும், கழுத்துல ஐடி கார்டு தொங்கும், அதுல அப்பா செல் நம்பர் வரைக்கும் அச்சடிச்சிருக்கும். வேன் கேட்டுக்கு வெளியிலேயே நின்னா அந்த நம்பரும் விழும். கேட்டவன் வாய்விட்டுக் கேட்டுட்டான். கேக்காம வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாக்கிறவனை எப்படி பிளாக் பண்ணுவீங்க?

பென்னாகரம் ரோடு:
ஜெராக்ஸ் கடையில ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்பி பிரிண்ட் எடுக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு பிரைவசி பேசறீங்க. கடைக்காரர் கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடக்கு. போன வாரம் வந்தவன் டிசி, முந்தாநாள் வந்த அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட், ஒருத்தரோட சிட்டா எல்லாம் வரிசையா தெரியுது. பின்னாடி நிக்கிற நாலு பேரும் படிக்கலாம். இந்த ரீல்தான் இப்ப பெரிய ஆபத்தாக்கும்!

அரூர் டீச்சர்:
அதையும் மூடச் சொல்லுங்க. ஒரு ஓட்டை இருக்கேன்னு இன்னொண்ணை விட்டுவைக்கணுமா?

ஓசூர் ஷிப்ட்:
சட்டம் என்ன சொல்லுதுன்னு யாரும் தொடல, அதனால நீளமா எழுதறேன்.

2016ல குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினாங்க. 14 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்கு உதவலாம்னு அதுல இருக்கு. மண்டி அண்ணன் சொல்ற சந்தைக் கடை இதுல அடங்கிடும். விளம்பரத்துல நடிக்கிற குழந்தைக்குத் தனி விதி, 2017ல வந்தது. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, மாவட்ட நிர்வாகத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதத்தைக் குழந்தை பேர்ல வங்கி டெபாசிட்டா போடணும். வீட்டு ரீல் இதுல எந்தப் பக்கம்? என்னைக் கேட்டா, பெட்டி விலையும் ஆர்டர் நம்பரும் கீழ ஓடற ரீல் விளம்பரம்தான். அண்ணன் பாப்பா பேர்ல ஏதாவது போட்டு வச்சிருக்காரா?

2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயசு வரைக்கும் குழந்தைன்னு சொல்லுது, பெத்தவங்க சம்மதம் கேக்குது. இங்க சம்மதம் குடுக்கிறவரும் கேமரா பிடிக்கிறவரும் ஒரே ஆள், அதான் சிக்கல். பிரான்ஸ்ல 2020லேயே சட்டம் போட்டு, குழந்தையே நேரா கேட்டா தளம் வீடியோவை எடுத்தாகணும்னு வச்சுட்டாங்க. இங்க பாப்பாவை யாராவது கேட்டீங்களா?

காவேரிப்பட்டணம் மண்டி:
பிரான்ஸ்காரன் வந்து மாங்கா வாங்கிக்குவானா? கம்பெனிச் சம்பளம் ஒண்ணாந்தேதி விழும், பேசலாம். மரத்துல பழம் உங்க விதிக்காகக் காத்திருக்காது.

பாலக்கோடு 2005:
நான் கேக்கப்பட்டவன் இல்ல, அதனால எழுதறேன். டிக்டாக் இருந்த காலத்துல தக்காளி மண்டியில கிரேட் மேல ஏறி நின்னு ஆடினதை மாமா எடுத்துப் போட்டார். எனக்கு அப்ப பெருமைதான், நல்லா ஓடுச்சு. 2020 ஜூன்ல அந்த ஆப்பையே தடை பண்ணிட்டாங்க. ஆப் போச்சு, வீடியோ போகல. காலேஜ்ல சேந்த முதல் வாரமே கிளாஸ் குரூப்ல யாரோ போட்டுட்டாங்க. நான் நல்லா கோட் எழுதுவேன், செஸ் ஆடுவேன். யாருக்கும் அது தெரியாது, "டேய் தக்காளி"தான். பாப்பாவுக்கு இப்ப ஜாலியாதான் இருக்கும். ஏழாவது, எட்டாவது வரும்போது கேளுங்க.

தோப்புவீட்டுப் பொண்ணு:
டெபாசிட் எதுவும் போடல. பாப்பாவைக் கேட்டேன். "ரீல் எடுக்கலாம் அத்தை, ஆனா மாங்கான்னு கூப்பிடக் கூடாது"ங்கறா. இதுக்கு நான் என்ன பண்றது?

ராயக்கோட்டை கஸ்டமர்:
நான் வாங்கற பக்கத்து ஆள். எனக்குப் பாப்பா முகம் வேண்டாம். காம்பு ஒடிச்சா பால் எப்படி வடியுது, பெட்டியில வைக்கோலா பேப்பரா, பழுக்க எத்தனை நாள், இதைக் காட்டுங்க. அப்புறம் ஒண்ணு. வேற ஒரு வியாபாரிகிட்ட ஒரே ஒரு பெட்டி வாங்கினேன். கேக்காமலே வாட்ஸ்அப் குரூப்ல சேத்துட்டார். முன்னப்பின்ன தெரியாத நூத்துக்கணக்கான பேருக்கு என் நம்பரும் டிபியில இருக்கிற என் குடும்பப் படமும் போயிடுச்சு. அதுல ஒருத்தன் ராத்திரி 11 மணிக்கு லோன் வேணுமான்னு கேக்கறான்.

ஓசூர் ஷிப்ட்:
குரூப் போடாதீங்க, பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க. ஒரு லிஸ்ட்ல 256 பேர், ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது. உங்க நம்பரைச் சேமிச்சு வச்சவங்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும், அதனால வேண்டாதவங்களுக்குத் தொல்லையும் இல்ல. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் 2018லேயே வந்துடுச்சு. தனி சிம் வாங்கி அதுல கேட்டலாக் போட்டா, அண்ணி நம்பர் ஊர் பூரா சுத்தாது.

பென்னாகரம் ரோடு:
தனி சிம் போட்டாலும் யார் யார்கிட்ட எப்ப பேசறாங்கங்கற கணக்கு அமெரிக்காக்காரன்கிட்டதான் இருக்கு. 2021ல வாட்ஸ்அப் கொண்டு வந்த தகவல் பகிர்ற பாலிசிக்காக அதோட ஓனர் மெட்டாவுக்கு நம்ம போட்டி ஆணையம் 2024 நவம்பர்ல 213 கோடி அபராதம் போட்டுச்சே. யார் வாட்ஸ்அப்பை விட்டுட்டுப் போனாங்க?

அரூர் டீச்சர்:
அமெரிக்காக்காரன் வேன் டைம் கேக்கல சார்.

தோப்புவீட்டுப் பொண்ணு:
ராத்திரி வீட்ல பேசியாச்சு. யூனிபார்ம் ரீல் எல்லாத்தையும் ஆர்கைவ் பண்ணிட்டேன். தனி சிம் நாளைக்கு. இனிமே பாப்பா குரல் மட்டும் வரும், கேமரா பழத்து மேல இருக்கும். அதிகம் ஓடின அந்த ஒரு ரீலை மட்டும் எடுக்க அண்ணன் விட மாட்டேங்கறார். பேஜ் உச்சியில பின் பண்ணி வச்சிருக்கு. ஜூலையில சீசன் முடிஞ்சதும் எடுத்துடலாம்ங்கறார்.

அரூர் டீச்சர்:
ஸ்கூல் ஜூன்ல திறக்குது தங்கச்சி. அந்த ரீலைப் பாத்துத்தானே பேர் வச்சாங்க?

காவேரிப்பட்டணம் மண்டி:
மல்கோவா வர்றதே இனிமேதான் டீச்சர். இப்ப அதை எடுத்தா பெட்டி எங்க கொட்டறது, உங்க ஸ்கூல்லயா?

அரூர் டீச்சர்:
கொட்டுங்க, ஸ்டாஃப் ரூம்ல 10 பெட்டி எடுத்துக்கறோம். ரீலை முதல்ல இறக்கச் சொல்லுங்க.