நேரத்துக்கு டெலிவரி எங்கள் கணக்கில் 88%, பையர் கணக்கில் 61%. எதை யாரோடு ஒப்பிடுவது?

நொய்யல்கரை:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் 11 வருடமாக மெர்ச்சண்டைசர் (வெளிநாட்டு பையரிடமிருந்து வரும் ஆர்டரை டெலிவரி வரை பின்தொடர்பவர்). போன மாதம் முதலாளியின் மகன் கூப்பிட்டு, இனிமேல் சப்ளை செயின் மொத்தத்தையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார். சம்பளம் ஏறவில்லை, வேலைதான் ஏறியிருக்கிறது.

எங்களிடம் 200 மெஷினுக்குக் கொஞ்சம் மேல். நிட்டிங், டையிங், காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அமுக்கி எடுப்பது), பிரிண்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க் (சரக்கைக் கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்குவது). கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் உள்ளே, நெருக்கடி என்றால் தையலிலும் ஒரு பகுதி பவர் டேபிள் என்கிற சின்னத் தையல் யூனிட்டுக்குப் போகும்.

கன்சல்டன்ட் ஒருவர் வந்து 40 வரிக்கு மேல் உள்ள ஒரு எக்ஸெல் ஷீட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வலது ஓரத்தில் ‘உலகத் தரம்’ என்று ஒரு பத்தி. அதில் ஓடிஐஎஃப் 95% என்று இருக்கிறது (சொன்ன தேதியில், சொன்ன அளவு முழுதாகப் போய்ச் சேர்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், புதியவர்களுக்காக). எங்கள் பெரிய பையருக்குப் போன சீசனில் 40 ஆர்டர், அதில் 35 நேரத்துக்குப் போயிருக்கிறது, 88% வருகிறது. பரவாயில்லையே என்று உட்கார்ந்திருந்தபோது அதே பையரிடமிருந்து எங்கள் ஓடிஐஎஃப் மார்க்கோடு ஸ்கோர்கார்டு மெயில் வந்தது. 61%.

நான் பொய் எழுதவில்லை, அவர்களும் எழுதியிருக்க மாட்டார்கள். இதில் எதை அந்த 95க்குப் பக்கத்தில் வைப்பது? திருப்பூரில் மற்ற கம்பெனிகளின் சராசரி யாரிடமாவது இருக்கிறதா?

---

ஒரகடம் செகண்ட் ஷிஃப்ட்:

நான் கார் பார்ட்ஸ் சப்ளை பக்கம், உங்கள் தொழில் தெரியாது. ஆனால் இந்த 88க்கும் 61க்கும் நடுவில் உள்ள சண்டையை நன்றாகத் தெரியும். ஒரே ஒரு கேள்வி: உங்கள் ஷீட்டில் டெலிவரி தேதிக்கு எத்தனை பத்தி இருக்கிறது? ஒன்றுதான் என்றால், பையரிடம் கெஞ்சி பத்து நாள் எக்ஸ்டென்ஷன் வாங்கியதும் பழைய தேதியை அழித்துவிட்டு அதே கட்டத்தில் புதுத் தேதியைப் போடுவீர்கள், ஆர்டர் அந்தப் புதுத் தேதியில் போகும், ஷீட்டும் ‘நேரத்துக்குப் போனது’ என்று பச்சையாகும். யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் தாமதம் என்ற ஒன்று நடந்ததற்கான தடயமே இருக்காது.

எங்கள் இடத்திலும் இதுதான். எங்கள் கேட்டிலிருந்து லாரி கிளம்பிய நேரத்தை நாங்கள் எழுதினோம், கஸ்டமர் அவர்களுடைய கேட்டில் லாரி நுழைந்த நேரத்தை எழுதினார்கள். ஆறு மாதம் இரண்டு உண்மையான நம்பரை வைத்துக்கொண்டு மெயிலில் அடித்துக்கொண்டோம்.

மூன்று பத்தி போடுங்கள். முதலில் கன்ஃபர்ம் செய்த தேதி, அதை லாக் செய்துவிடுங்கள், முதலாளியே சொன்னாலும் தொடக் கூடாது. அப்புறம் கடைசியாக ஒப்புக்கொண்ட தேதி. மூன்றாவது, சரக்கை நிஜமாக ஒப்படைத்த தேதி. எஃப்ஓபி ஆர்டர் (கப்பல் ஏறும்வரை நம் பொறுப்பு) என்றால் பெரும்பாலும் பையர் சொன்ன ஃபார்வர்டரிடம் (சரக்கை அனுப்பி வைக்கும் ஏஜென்ட்) சரக்கு போய்ச் சேர்ந்த நாள்தான் ஒப்படைத்த நாள், உங்கள் செக்யூரிட்டி கேட் பாஸ் போட்ட நாள் இல்லை. அளவையும் பிஓவில் (பையர் கொடுக்கும் ஆர்டர் தாள்) பாருங்கள். சிலர் 5% கூடக்குறைய விடுவார்கள், சிலர் கலர்வாரியாக, சைஸ்வாரியாகப் பார்ப்பார்கள். மொத்தத்தில் 98% போயிருந்தாலும் ஒரு கலரில் எக்ஸ்எல் குறைந்தால் அங்கே அது ஃபெயில்தான்.

அந்த 95 பற்றி ஒன்று. வால்மார்ட் 2017ல் சப்ளையர்களுக்கு ஓடிஐஎஃப் விதியைக் கொண்டுவந்தபோது, தவறினால் சரக்கு மதிப்பில் 3% பிடித்தம் என்று வைத்தார்கள், சீக்கிரமாகக் கொண்டுபோய் இறக்கினாலும் தவறு என்று எண்ணினார்கள். அங்கே வருகிற சரக்கில் பெரும்பகுதி குடோனில் இருப்பதை எடுத்து லாரியில் ஏற்றுவது. நீங்கள் நூல் வாங்குவதிலிருந்து ஆரம்பித்து மூன்று மாதம் கழித்துக் கொடுக்கிறீர்கள். இரண்டும் ஒரே பேரில் இருப்பதால் ஒரே நம்பரை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. திருப்பூர் சராசரி என்று யாராவது நம்பர் கொடுத்தாலும், எந்தத் தேதியை வைத்து எண்ணினார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

---

சாயத்தொட்டி:

டையிங் யூனிட் நடத்துகிறேன். இந்த மாதிரி ஷீட் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ‘டையிங் லேட்’ என்ற வரியில் வந்துதான் நிற்கும், அதனால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன்.

எவ்வளவு டார்க் ஷேடாக இருந்தாலும் ஒரு பேட்ச் சாஃப்ட் ஃப்ளோ என்கிற சாய மெஷினுக்குள் இருப்பது மணிக்கணக்குதான், நாள்கணக்கு இல்லை. ஆனால் துணி என்னிடம் வந்து திரும்புவதற்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகிறது, இது உண்மை. ஏன் என்று யாராவது அளந்திருக்கிறீர்களா? கிரே துணி (சாயம் போடாத துணி) வந்துவிடும், லேப் டிப் (நிறம் சரியா என்று பையர் பார்த்து ஓகே சொல்ல வேண்டிய சாம்பிள் துண்டு) அப்ரூவல் வராது. அப்ரூவல் வரும்போது மூன்று ரோல் குறைவாக இருக்கும், ‘நாளைக்கு வந்துடும், நிறுத்தி வைங்க’ என்று போன் வரும். 600 கிலோ மெஷினுக்கு 430 கிலோவை அனுப்பிவிட்டு அவசரம் என்பார்கள். கலந்து போடவும் முடியாது, ஷேடு வேறு.

இன்னொரு மெஷினை ஓட்டலாமே என்பார்கள். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவில் இங்கே சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டது ஞாபகம் இருக்கும். ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்பதுதான் அதற்கப்புறம் எங்கள் வாழ்க்கை. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் எனக்கு ஒதுக்கிய அளவுக்கு மேல் தண்ணீர் அனுப்ப முடியாது. ஆக என் கெப்பாசிட்டி மெஷினில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. உங்கள் 40 வரி ஷீட்டில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா?

இன்னொன்று, கேஷ் டு கேஷ் என்று ஒரு வரி இருக்குமே? ஸ்டாக் நாள், அதோடு பையரிடமிருந்து பணம் வரும் நாள், அதில் நீங்கள் மற்றவருக்குப் பணம் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாளைக் கழிப்பது. எனக்கு 120 நாள் கழித்துப் பணம் கொடுத்தால் உங்கள் ஷீட்டில் அந்த நம்பர் அழகாக இருக்கும். என் ஷீட்டில் அது வட்டி. இப்போது வருமான வரியில் ஒரு விதி வந்துவிட்டது (1961 சட்டத்தில் 43பி(எச்) பிரிவு), 2023-24 கணக்கு வருடத்திலிருந்து. குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளைத் தாண்டி பாக்கி வைத்தால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளைத் தாண்டினாலே, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். அதை ஒரு வரியாகப் போடச் சொல்லுங்கள் அந்த கன்சல்டன்டை.

---

பீளமேடு பம்ப்:

சாயத்தொட்டி சார் சொன்னதில் கோபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பாடமே அதுதான். சங்கிலியில் நாள் தொலைவது வேலை நடக்கும் இடத்தில் இல்லை, கை மாறும் இடத்தில்.

கன்சல்டன்ட் ஷீட் அனேகமாக ஸ்கோர் என்ற, சப்ளை செயினை அளக்கும் மாடலில் இருந்து வந்திருக்கும். சப்ளை செயின் கவுன்சில் 1996ல் கொண்டுவந்தது, இப்போது ஏஎஸ்சிஎம் என்ற அமைப்பின் கையில் இருக்கிறது. நம்பகம், வேகம், வளைந்துகொடுத்தல், செலவு, முதலீடு என்று ஐந்து கோணத்தில் அளப்பதுதான் அதன் பழைய எலும்புக்கூடு. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, அதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஒப்பிடும்போது ‘சராசரிக்குச் சமம்’, ‘கொஞ்சம் முன்னால்’, ‘முதல் 10%’ என்று படி வைத்து, எதில் எந்தப் படி வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யச் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் முதலாவது என்று யாரும் இலக்கு வைப்பதில்லை, ஏனென்றால் ஒன்று இன்னொன்றைத் தின்னும். தேதி தவறுகிறதா, ஏர் ஷிப்மென்ட் போடுங்கள், ஓடிஐஎஃப் 100 ஆகிவிடும், அந்த ஆர்டரில் லாபம் விமானத்தில் போய்விடும். அதனால் ஓடிஐஎஃப் வரிக்குப் பக்கத்திலேயே ஏர் ஃபிரைட் செலவை எழுதாத ஷீட்டை நான் நம்புவதில்லை.

இன்னொரு பொறி, பெருக்கல். நேரம், அளவு, தரம், டாக்குமென்ட் நான்கிலும் தனித்தனியாக 95 வாங்கினால் நான்கும் சரியாக அமைந்த ஆர்டர் 95 இல்லை, 81தான் (ஒரு தவறுக்கும் இன்னொரு தவறுக்கும் தொடர்பில்லை என்றால்). நான்கு டிபார்ட்மென்டும் கை தட்டிக்கொண்டிருக்கும், ஐந்தில் ஒரு ஆர்டர் ஏதோ ஒரு விதத்தில் கெட்டிருக்கும்.

யாரோடு ஒப்பிடுவது என்று கேட்டீர்கள். 1980களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் கம்பெனி தன் குடோனில் பொருள் எடுத்துக் கொடுக்கும் வேகத்தை ஒப்பிடப் போனது இன்னொரு காப்பியர் கம்பெனியிடம் இல்லை, எல்.எல்.பீன் என்ற, தபாலில் ஆர்டர் வாங்கி பூட்ஸும் துணிமணியும் அனுப்பும் கம்பெனியிடம். அங்கே பார்த்தது பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. அதிகம் போகும் சரக்கைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருந்தார்கள், ஆள் நடக்கும் தூரம் குறையும்படி ஆர்டர்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் ஜெராக்ஸுக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் பக்கத்துக் கம்பெனி எத்தனை சதவீதம் என்று தேடாதீர்கள், சொல்லவும் மாட்டார்கள். ஜாப் ஒர்க் துணியைப் பின்தொடர்வதில் கெட்டிக்காரர் யாரோ, அவர் டிசியை (துணியோடு போகும் டெலிவரி சலான்) எப்படி எழுதுகிறார் என்று போய்ப் பாருங்கள்.

(கன்சல்டன்ட் ஸ்லைடில் உலக வங்கியின் எல்பிஐ, அதாவது நாடுகளின் சரக்குப் போக்குவரத்துத் தரவரிசை, வந்ததா? 2023ல் 139 நாடுகளில் இந்தியா 38. மீட்டிங்கில் நன்றாக இருக்கும், உங்கள் துணி ஏன் காம்பேக்டிங்கில் கிடக்கிறது என்று சொல்லாது.)

---

நொய்யல்கரை:

நான்கு நாள் பழைய மெயிலையெல்லாம் தோண்டினேன். ஒரகடம் அண்ணா சொன்னதுதான். 35ல் 8 ஆர்டர், எக்ஸ்டென்ஷன் வாங்கித் தேதியை மாற்றி எழுதியவை, எழுதியது நானேதான். மீதி 27ல் 3 ஆர்டரில் ஏதோ ஒரு கலர் ஷார்ட். ஆக 24, 40க்கு 60%. பையரின் 61க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அந்த 8ல் 2 ஆர்டர் பையரே ஆர்ட்வொர்க்கை (பிரிண்ட் டிசைனை) மாற்றியதால் தள்ளியது. அதைத் தாமதமாக எண்ணுவதா?

அப்புறம் பத்து ஆர்டரை எடுத்து டிசி நகலை வைத்துத் தேதி எழுதிப் பார்த்தேன். தையலில் திட்டத்துக்கும் நிஜத்துக்கும் ஒரு நாள், இரண்டு நாள்தான் வித்தியாசம். டையிங்கில் துணி போய்த் திரும்ப 9 நாளிலிருந்து 16 நாள். ஆனால் சாயத்தொட்டி சார், உங்களுக்காகவே லேப் டிப் அப்ரூவல் தேதியையும் பக்கத்தில் எழுதினேன். பத்தில் ஆறு ஆர்டரில் கிரே துணி போய்ச் சேர்ந்ததற்கு அப்புறம்தான் அப்ரூவலே போயிருக்கிறது. ஒன்றில் ஐந்து நாள் கழித்து. அந்த மெயில் என் இன்பாக்ஸில்தான் கிடந்திருக்கிறது, நான் ஃபார்வர்டு செய்யவில்லை.

---

ஒரகடம் செகண்ட் ஷிஃப்ட்:

ஆர்ட்வொர்க் மாற்றிய இரண்டையும் தாமதமாகவே எண்ணுங்கள், பக்கத்தில் ‘காரணம்: பையர்’ என்று ஒரு கட்டம் போதும். மன்னிப்புக் கொடுத்து எண்ண ஆரம்பித்தால் அடுத்த சீசனில் எல்லாத் தாமதத்துக்கும் ஒரு பையர் கிடைப்பார். ரிவியூ மீட்டிங்கில் அந்தக் கட்டத்தைக் காட்டிப் பேசலாம்.

டையிங்குக்கு சராசரி எடுத்து 12 நாள் என்று எழுதிவிடாதீர்கள். 9 முதல் 16 என்று அப்படியே வையுங்கள். பிளானிங்கைக் கெடுப்பது அந்த 12 இல்லை, இந்த ஏழு நாள் ஆட்டம்.

ஒரு சந்தேகம், உங்கள் சரக்கு தூத்துக்குடி வழியா? பையர் அந்தப் பக்கம் இறங்கும் தேதியை வைத்து எண்ணுகிறாரா என்று பாருங்கள். 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினை வந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் ஐரோப்பாவுக்கு பத்து நாளுக்கு மேல் கூடியது. அதற்குப் பிந்திய வருடத்தை முந்திய வருடத்தோடு வைத்தால் நீங்கள் செய்யாத தப்பும் உங்கள் தலையில் விழும்.

---

நொய்யல்கரை:

தூத்துக்குடிதான், ஆனால் ஃபார்வர்டரிடம் ஒப்படைக்கும் தேதிதான் கணக்கு, பிஓவில் பார்த்துவிட்டேன். 40 வரியில் நான்கை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன்: முதல் தேதிப்படி ஓடிஐஎஃப், ஏர் ஃபிரைட், ஜாப் ஒர்க்கில் துணி போய்த் திரும்பும் நாள், ஜாப் ஒர்க் பில்லுக்குப் பணம் கொடுத்த நாள். கடைசியைப் போட முதலாளி விடுவாரா தெரியவில்லை. 88 எப்படி 60 ஆனது என்று முதலில் கேட்பார், அதற்கு இன்னும் பதில் யோசிக்கவில்லை.

---

சாயத்தொட்டி:

ஆறு ஆர்டரை எண்ணி எழுதினீங்க பாருங்க, அதுக்கே நன்றி. முதலாளிகிட்ட பில் வரியை 43பி(எச்) பேரைச் சொல்லிப் போடுங்க, ஆடிட்டர் உங்க பக்கம் நிப்பார். அப்புறம் கிரே துணி டிசியிலேயே லேப் டிப் அப்ரூவல் நம்பரையும் தேதியையும் எழுதி அனுப்புங்க. அந்தக் கட்டம் காலியா இருந்தா வண்டியையே கிளப்பாதீங்க, துணி என் ஷெட்டில் கிடக்கிறதுக்கு உங்க ஷெட்டிலேயே கிடக்கட்டும்.