ஓடும் சர்வரில் டிஸ்க் இடம் கூட்ட வேண்டும்: எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் முறை) தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்களே, அக்காமார்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து மக்களுக்கு அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திர விண்ணப்பங்கள் செய்து கொடுக்கிறோம். ஸ்கேன் செய்ததெல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில் இருக்கிறது. லயத்திலிருந்து (தோட்டக் குடியிருப்பு) வேலைக்கு லீவு போட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராது. அதனால் பகலில் சர்வரை நிறுத்த முடியாது.

அதில் மாறிக்கொண்டே இருக்கும் தரவுகளுக்கான 50 ஜிபி வார் (/var) பகுதி 96 சதவீதம் நிரம்பிவிட்டது. பயனர் கோப்புகளுக்கான 400 ஜிபி ஹோம் (/home) பகுதி பெரும்பாலும் காலிதான், ஆனால் அதன் கோப்பு அமைப்பு எக்ஸ்எஃப்எஸ். வளர்க்கலாம், சுருக்க முடியாது. வால்யூம் குரூப்பிலும் (டிஸ்க்குகளைச் சேர்த்த மொத்த இடம்) மிச்சமில்லை.

புதிதாக 1 டிபி எஸ்எஸ்டி வாங்கியாயிற்று. விஜிஎக்ஸ்டெண்ட் செய்து (புது டிஸ்க்கைக் குரூப்பில் சேர்த்து) வாரை அப்படியே நீட்டினால் அது இரண்டு டிஸ்க்கில் பரவும். ஒன்று போனாலும் தரவு போய்விடும். எனவே குரூப்பில் சேர்த்த பின் பிவிமூவ் (தரவை டிஸ்க் மாற்றும் கட்டளை) மூலம் வாரை முழுதாகப் புது டிஸ்க்குக்கு மாற்றி, பிறகு பகுதியைப் பெரிதாக்க எல்விஎக்ஸ்டெண்ட், அதன் கோப்பு அமைப்பை வளர்க்க எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் போடலாம் என்பது என் எண்ணம். பேக்கப் வெளி டிஸ்க்கில் உண்டு.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஓடும்போதே பிவிமூவ் செய்தவர்கள் இருக்கிறீர்களா? வேகம் ரொம்பக் குறையுமா? இங்கே மாலை மழையில் கரண்ட் போகும், யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். பாதியில் நின்றால் பிவிமூவ் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று கையேட்டில் இருக்கிறது. நேரில் பார்த்தவர்கள் சொன்னால் தைரியமாக இறங்குவேன்.