மேசையில் பலகை நிற்காமல் நகர்கிறது: வைஸ் இல்லாமல் இழைக்க வழி உண்டா?

கேள்வி

வணக்கம். வீட்டின் ஓர் அறையில், கையால் இழைக்கும் மரவேலையைச் சில மாதங்களாகப் பழகி வருகிறேன். மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் என்னிடம் இல்லை. ஒரு மேசையும் இரண்டு ஜி கிளாம்ப்புகளும் மட்டுமே உள்ளன. இப்போது அலமாரித் தட்டு ஒன்றுக்காக 900 மி.மீ. நீளம், 150 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம் உள்ள பலகையை இழைக்கிறேன். இரு முனைகளிலும் கிளாம்ப் போட்டால் இழைப்புளி அதில் முட்டி நின்றுவிடுகிறது. ஒரு முனையில் மட்டும் போட்டால், நாலைந்து தள்ளலுக்குள் பலகை அந்த முனையை அச்சாகக் கொண்டு சுழன்றுவிடுகிறது. பிடி போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் முறுக்கியதில் பலகையில் வட்டத் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். மேசையில் ஆணியோ திருகோ இறக்க முடியாது. மாலையில் என் மகள் படிப்பதும் அதே மேசையில்தான். அகலப் பக்கம் முடிந்த பிறகு, பலகையை நிமிர்த்தி நிறுத்தி அதன் விளிம்பையும் இழைக்க வேண்டும். அதற்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

நீங்கள் பலகையை இறுகப் பிடிக்க முயல்கிறீர்கள். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. இழைக்கும்போது பலகைக்குக் கிடைப்பவை முன்னோக்கிய தள்ளலும் கீழ்நோக்கிய அழுத்தமும்தான். கீழே போவதை மேசையே தடுத்துவிடுகிறது. முன்னே போவதை ஒரு சட்டம் தடுத்தால் போதும்.

மேசையைத் தொடாமல் இதைச் செய்ய, பலகையைவிடச் சற்று நீளமான 18 மி.மீ. பிளைவுட் ஒன்றை அடிப்பலகையாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் பக்கத்து முனையின் அடியில் ஒரு சட்டத்தைத் திருகினால், அது மேசையின் விளிம்பில் கொக்கிபோல மாட்டிக்கொண்டு, தள்ளும்போது அடிப்பலகை முன்னே ஓடாமல் தடுக்கும். மேற்பக்கத்தில், முன் முனையில், 10 மி.மீ. கனமுள்ள தடுப்புச் சட்டம் ஒன்றைக் குறுக்கே திருகுங்கள். தடுப்பு எப்போதும் பலகையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். திருகின் தலையும் சட்டத்துக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இழைப்புளியின் அலகு இரும்பைத் தொட்டுவிட்டால் அன்றைய பொழுது தீட்டுக்கல்லோடு போய்விடும்.

பதில் 2

மேலே சொன்னது நேராக இழைக்கும்போது சரி. ஆனால் நாரின் போக்கு மாறும் இடத்தில் சற்றுக் குறுக்காகத் தள்ள நேர்ந்தால், பலகையின் பின்பகுதி பக்கவாட்டில் விலகும். அதற்கு ஒரு முனையில் ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல 90 பாகையில் வெட்டிய மெல்லிய கட்டை போதும். அந்த வெட்டைப் பலகையின் பின்மூலையில், உங்களுக்கு எதிர்ப்பக்கத்தில், கவ்வும்படி வைத்து, கட்டையின் மறுமுனையை மேசை விளிம்போடு சேர்த்து ஒரே கிளாம்ப்பால் பிடியுங்கள். கிளாம்ப் இழைப்புளியின் வழியிலேயே வராது. கட்டையின் அடியில் ஒரு துண்டு உப்புத்தாளை, சொரசொரப்பு கீழே இருக்கும்படி ஒட்டிக்கொண்டால் இன்னும் உறுதி. அதுவும் அடிப்பலகையின் மேல் உட்காரட்டும், மேசையில் கீறல் விழாது.

மேசையே ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். ஆடினால் உங்கள் தள்ளலில் ஒரு பங்கு மேசையை அசைப்பதிலேயே வீணாகும். தள்ளும் திசையில் அதைச் சுவரோடு ஒட்டிப் போடுவதே மிக எளிய தீர்வு.

பதில் 3

இரட்டைப் பக்க ஒட்டு நாடாவைப் போட்டு இழைத்தால் இவ்வளவும் தேவையில்லையே?

பதில் 2

சிறிய, மெல்லிய துண்டுகளுக்கு நாடா நல்ல துணை. இந்த அளவுப் பலகைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூசு படிந்த மரத்தில் அது ஒட்டாது. நன்றாக ஒட்டிவிட்டாலோ, கழற்றும்போது நாரைப் பிய்த்துக்கொண்டு வரும்.

கேட்டவர்

அடிப்பலகை செய்துவிட்டேன்; பலகை இப்போது ஓடவில்லை. ஆனால் இரண்டு எதிர்மூலைகளில் மட்டும் உட்கார்ந்து, கை வைத்தால் தொட்டில்போல ஆடுகிறது. கிளாம்ப்பால் அழுத்திச் சமமாக்கிவிட்டு இழைக்கலாமா?

பதில் 1

கூடாது. உங்கள் பலகை முறுக்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தி வைத்து இழைத்தால் அந்த நேரத்துக்குச் சமமாகத் தெரியும். கிளாம்ப்பைக் கழற்றியதும் பழைய முறுக்குக்கே திரும்பிவிடும். அடிப்பலகையைத் தொடாமல் நிற்கும் இரு மூலைகளின் அடியிலும் மெல்லிய ஆப்பையோ மடித்த அட்டையையோ சம அளவில் செருகி, ஆட்டத்தை நிறுத்துங்கள். மேற்பக்கத்தில் உயர்ந்திருப்பவையும் அதே மூலைகள்தாம். ஆகவே அவற்றுக்கு இடையே மூலைவிட்டமாக முதலில் இழையுங்கள். முதல் பக்கம் சமமான பிறகு ஆப்பு தேவைப்படாது.

விளிம்புக்கு வருகிறேன். அடிப்பலகையின் மேல் 40 மி.மீ. உயரமுள்ள இரண்டு சட்டங்களைத் திருகுங்கள். ஒன்று நேராகவும் மற்றொன்று, இடைவெளி ஒரு பக்கம் குறுகும்படி, சற்றுச் சாய்ந்தும் இருக்கட்டும். பலகையை நேரான சட்டத்தோடு ஒட்டி நிறுத்தி, சாய்ந்த சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே அதே சரிவுள்ள ஆப்பைச் செருகிக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டுங்கள். 6 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. என்ற அளவில் சரிவு இருந்தால் உராய்வே ஆப்பை நிறுத்திவைக்கும். சரிவு மிகுந்தால் ஆப்பு வழுக்கி வெளியே வரும். மிகக் குறைந்தாலோ எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கேட்டவர்

அகலப் பக்கம் முடிந்தது. மூலைகளுக்கு அட்டை கொடுத்ததும் ஆட்டம் நின்றது. விளிம்பை இழைக்கும்போதுதான் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஆப்பு தளர்கிறது.

பதில் 1

சட்டங்களுக்கு இடைப்பட்ட வாய் எந்தப் பக்கம் குறுகுகிறது?

கேட்டவர்

என் பக்கம்.

பதில் 1

அதுதான் காரணம். குறுகிய பக்கம் நீங்கள் தள்ளும் திசையில் இருக்க வேண்டும். அப்போது பலகை முன்னே நகர முயலும்போதெல்லாம் ஆப்பையும் இழுத்துக்கொண்டு போய்த் தானே இறுகும். சாய்ந்த சட்டத்தை மட்டும் கழற்றித் திருப்பித் திருகினால் போதும்.

கேட்டவர்

திருப்பிவிட்டேன். விளிம்பின் முழு நீளத்துக்கும் ஒரே சுருளாகச் சீவல் வந்தது. மேசையும் மாலைக்குள் மகளிடம் திரும்பப் போய்விட்டது.