கோல்ஃப் மைதானத்தில் நம்மூர் ஆள்: உங்களுக்கு வாய்த்த அனுபவம் என்ன?

தேவிபட்டினம் வாத்தியார்:

வணக்கம். நான் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டவன் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளைக்குத்தான் அந்தப் பைத்தியம். போன டிசம்பரில் எங்களையும் மொரீஷியஸுக்கு அழைத்துப் போனார். கிழக்குக் கரையில் தங்கல். அங்கிருந்து படகில் போனால் ஈல் ஓ செர்ஃப் என்றொரு தீவு. 'மான் தீவு' என்று அர்த்தமாம். மான் ஒன்றையும் காணோம், மைதானம்தான் இருக்கிறது. பெர்ன்ஹார்ட் லாங்கர் என்ற ஜெர்மன் ஆட்டக்காரர் வடிவமைத்த 18 குழிகள், 2003-ல் திறந்தது. பல இடங்களில் பந்து தண்ணீரைத் தாண்டிப் பறந்தாக வேண்டும். மாப்பிள்ளை அன்றைக்கு ஒன்பது பந்துகளைக் கடலுக்குத் தாரை வார்த்தார்.

சொல்ல வந்தது அதுவல்ல. எங்களை ஏற்றிப்போன படகுக்காரர் கழுத்தில் ஒரு வேல் டாலர். தமிழில் பேசிப் பார்த்தேன், தெரியவில்லை. பெயரைக் கேட்டால் அச்சுத் தமிழ்ப் பெயர்! தைப்பூசத்துக்கு வருடா வருடம் காவடி எடுப்பாராம், அன்றைக்கு அங்கே அரசு விடுமுறை. திடீரென்று சட்டைப் பையிலிருந்து அந்த ஊர் ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, அதில் இருந்த தமிழ் எழுத்தில் விரலை வைத்து, வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொன்னார். முப்பத்தியிரண்டு வருடம் ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஐம்பது வயது மாணவர் கிடைத்தது அன்றைக்குத்தான், அதுவும் ஆடுகிற படகில்.

ஒரு எச்சரிக்கை. பயண ஏற்பாட்டாளர் "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்றார். போய்ப் பார்த்தால் மைதானத்துக்குள் ஓட்டிப்போகிற பக்கி வண்டிக்குத் தனி, மட்டை வாடகைக்குத் தனி. கிரீன் ஃபீ எனப்படும் ஆட்டக் கட்டணம் எத்தனை நாளுக்குச் சேர்த்தி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களில் யாருக்காவது இப்படி ஏதாவது உண்டா?

கீழக்கரை சபராளி:

அஸ்ஸலாமு அலைக்கும் சார். நான் அந்தப் புல்லை வெட்டினவன். துபாயில் பதினான்கு வருடம், ஒரு பெரிய மைதானத்தில். எதில் என்று சொல்லமாட்டேன், கடைசி இரண்டு மாதச் சம்பளக் கணக்கு இன்னும் முடியவில்லை.

விடியக்காலை நாலு மணிக்கு வேலை தொடங்கும். முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் எல்லாக் கிரீனையும் வெட்டி முடிக்கணும். கிரீன் என்றால் குழி இருக்கிற அந்தச் சின்ன வட்டம். அங்கே புல்லின் உயரம் மூன்று மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். முதல் வாரம் நான் அதைப் புல் என்றே நம்பவில்லை, குனிந்து நகத்தால் கீறிப் பார்த்தேன். மேஸ்திரி கத்தினார்.

குழியை அடிக்கடி இடம் மாற்றுவோம். வட்டமாக ஒரு கட்டர் இருக்கும், அதை அழுத்தித் திருகினால் புல்லும் மண்ணுமாக ஓர் உருளை வரும். அதைப் பழைய குழியில் வைத்து அடைத்து, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தட்டினால் தழும்பே தெரியாது. குழியின் அகலம் உலகத்தில் எங்கே போனாலும் நாலேகால் அங்குலம்தான்.

அந்தப் புல் என்ன புல் தெரியுமா? பெர்முடா கிராஸ் என்பார்கள். நம்ம அருகம்புல்தான்! அதை ஆப்பிரிக்க வகை ஒன்றோடு இனம் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம். விதை பிடிக்காது, தண்டை வெட்டித்தான் நடணும். கடலை ஒட்டிய மைதானங்களில் பாஸ்பாலம் என்று வேறு ஒன்று போடுவார்கள், அது உப்புத் தண்ணீரைத் தாங்கும்.

உம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "குடிக்கிற தண்ணியவா வாப்பா புல்லுக்கு ஊத்துறாக?" நம்ம ஊரில் நல்ல தண்ணிக்குக் குடத்தோடு அலைந்தவர் வேறென்ன கேட்பார். இல்லை உம்மா, சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி ஊத்துறாங்க என்றேன். அதற்கும் சமாதானமாகவில்லை.

எங்கள் பெரியத்தா காலத்தில் அந்தப் பக்கம் புல்லே கிடையாதாம். எண்ணெய் கலந்த மணலைத்தான் கிரீனாக உருட்டி வைத்திருந்தார்கள். ஆடுகிறவர்கள் கையில் ஒரு துண்டுப் பாய் கொண்டுபோய், அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். 1988-ல் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் வந்த பிறகுதான் முழுப் புல் மைதானம். அந்தக் கிளப் கட்டடத்தைப் பாருங்கள், பாலைவன நாடோடிகளான பதூயின்களின் கூடாரம் மாதிரியே கட்டியிருப்பார்கள்.

சரி, சந்திப்புக்கு வருகிறேன். ஒரு நாள் புதர் ஓரமாகத் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை, பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் பேசுகிற ஒருத்தர் பந்தைத் தேடி வந்தார். கூட வந்த வெள்ளைக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றார். இவர் செடியை விலக்கிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுக்கிறார், "எங்கடா போய்த் தொலைஞ்ச, சனியனே!" நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை. "அந்தக் குழாய்க்குப் பின்னாடி கெடக்கு காக்கா" என்றேன். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். மனிதர் துள்ளிவிட்டார். பெரியபட்டினத்துக்காரர், கொழும்பில் ரத்தினக் கல் வியாபாரம். ஐந்து நிமிடத்தில் என் மாமாவுக்கு அவர் எப்படிச் சொந்தம் என்று கண்டுபிடித்துவிட்டோம். வெள்ளைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் வந்த கூட்டமும் காத்திருந்தது. மறுநாள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, விருந்தினரோடு பேசியதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். போகட்டும். அந்த வருட நோன்புப் பெருநாளுக்கு காக்கா வீட்டிலிருந்து எனக்குத் தொதல் இனிப்பு வந்தது.

தொண்டி பாண்டி:

அப்படியென்றால் உப்பூர் வெயிலுகந்த விநாயகருக்கு நாங்கள் சாத்துகிற அருகம்புல் மாலையைத்தான் லட்ச ரூபாய் ரூம் எடுத்து மிதித்துவிட்டு வருகிறார்களா? பிள்ளையாரப்பா!

மண்டபம் செல்வி:

நாங்கள் போனது இலங்கை. கணவரின் கம்பெனி விற்பனையில் சாதித்தவர்களைக் கொழும்பு, நுவரெலியா என்று கூட்டிப்போனது. கொழும்பு ராயல் கோல்ஃப் கிளப் 1879-ல் ஆரம்பித்தது. மைதானத்துக்கு நடுவே களனிப் பள்ளத்தாக்கு ரயில் போகும்! ரயில் வந்தால் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நுவரெலியா மைதானம் 1889-ஆம் ஆண்டுத் தொடக்கம், ஊருக்குள்ளேயே இருக்கிறது. பெரிய பெரிய மரங்கள், குளிர், மூடுபனி. மண்டபத்து வெயிலில் வளர்ந்த எனக்குக் காலையில் பல் தந்தியடித்தது. கணவருடைய மட்டைப் பையைத் தூக்கிவந்த உதவியாளர் (கேடி என்பார்கள்) தோட்டத்துத் தமிழர், ஐம்பது வயது இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். மண்டபம் என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டார்.

"மண்டபம் கேம்ப்பா தங்கச்சி? எங்க அப்பாயி அங்கதான் கெடந்துச்சு. ஊசி போட்டு, சட்டி பானையெல்லாம் சோதிச்சு, நாள் கணக்கா உக்கார வச்சுத்தான் கப்பல் ஏத்துனாங்களாம். கடல் எந்தப் பக்கம்னே தெரியாம அழுதுச்சாம்."

இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற ஆட்களை வெள்ளைக்காரன் காலத்தில் நோய்க்குப் பயந்து தடுத்து வைத்த அதே முகாம். பிறகு இலங்கை அகதிகளுக்கு என்று ஆனது. அந்தச் சுவரைத் தாண்டித்தான் நான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. போனில் இருந்த பாம்பன் பாலம், கடற்கரை, முகாம் வாசல் படங்களைக் காட்டினேன். வாசல் படத்தை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கணவர் ஏழாவது குழியில் எத்தனை அடித்தார் என்று எண்ண ஆளில்லாமல், அவராக ஐந்து என்று எழுதிக்கொண்டார். எட்டு இருக்கும்.

உச்சிப்புளி டு டண்டீ:

ஸ்காட்லாந்தில் படிக்கிறேன். செயின்ட் ஆண்ட்ரூஸ் பக்கம்தான், பஸ்ஸில் போகலாம். அங்கே உலகமே வந்து ஆட ஏங்கும் ஓல்டு கோர்ஸ் மைதானத்தை ஞாயிற்றுக்கிழமை பொதுவாக மூடிவிடுவார்கள். அன்றைக்கு ஊர்சனம் நாயோடு நடக்கிறது. நானும் ஓசியில் நடந்தேன். கடலுக்கும் வயலுக்கும் நடுவே விவசாயத்துக்கு ஆகாத மணல்மேடு. அதைத்தான் லிங்க்ஸ் என்கிறார்கள். குளிர்க் காற்றுக்கு ஆடு ஒதுங்கி ஒதுங்கி உண்டான பள்ளம்தான் பங்கர், அதாவது பந்தை மாட்டவைக்கிற மணல் குழி, ஆனது என்று சொல்வார்கள். உச்சிப்புளியில் எங்கள் தாத்தா "ஒன்னுத்துக்கும் ஆகாத மணலு" என்று சொன்ன ஐந்து ஏக்கர் ஞாபகம் வந்தது. அதை விற்று நாளாகிவிட்டது.

ஏர்வாடி தம்பி:

கீழக்கரை காக்கா, மே மாசம் துபாய் கோல்ஃப் ரிசார்ட் பாதி விலைக்குப் போட்டிருக்கான். எடுக்கலாமா?

கீழக்கரை சபராளி:

பாதி விலை ஏன் என்று மே மாதம் மத்தியானம் வெளியே நின்றால் தெரியும் தம்பி. நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் சீசன், அப்போது விலையும் ஏறும். வெயில் காலத்தில் போனாலும் ராத்திரி விளக்கு போட்டு ஆடுகிற இடம் பார்த்துப் போ. எமிரேட்ஸ் கிளப்பில் ஃபால்டோ கோர்ஸ் என்ற மைதானம் அப்படி. காலர் வைத்த சட்டை கட்டாயம், ஜீன்ஸ் ஆகாது.

சார், நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பியதும் கைத்தொழில் மறக்கக்கூடாதென்று வீட்டு முற்றத்தில் பத்தடிக்குப் பத்தடி அருகம்புல் நட்டு, உருளை போட்டு அழுத்தி, தினமும் வெட்டி ஒரு கிரீன் உண்டாக்கினேன். தெருவே வந்து பார்த்தது. மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டு லாத்தாவின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. இப்போது அங்கே பங்கர் மட்டும் இருக்கிறது.